காத்து நிக்கிற துவக்கு

காலமை கோப்பி பொங்கி வாற நேரத்திலைதான் அந்தச் சத்தம் கேக்கும். சடக்... சடக். முதல் சடக்கு கொஞ்சம் நீளம், ரெண்டாவது கட்டை. அதுக்குப் பிறகு வீடு பழையபடி அமைதியாப் போகும். கீழை வியா மக்வேதாத் தெருவிலை கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கிற சத்தம் மட்டும் மூண்டாம் மாடிக்கு ஏறி வரும்.

முதல் நாள் அதைக் கேட்டவுடனை நான் கோப்பிப் பானையோடை மேசைக்குக் கீழை பூந்திட்டன். யோசிச்சுப் போகேல்லை, உடம்பு தன்ரபாட்டிலை பூந்திட்டுது. சுடுகோப்பி ஊத்துப்பட்டு முழங்கை வெந்த அடையாளம் இண்டைக்கும் கிடக்கு.

குசினி வாசலிலை வீட்டுக்காரக் கிழவர், சிஞ்ஞோர் நீனோ, வந்து நிண்டார். கையிலை துவக்கு. நான் மேசைக்குக் கீழை இருந்து அவரின்ர சப்பாத்தைப் பாக்கிறன், பக்கத்திலை அந்தத் துவக்கின்ர மரக்கட்டையைப் பாக்கிறன். கடல் கடந்து வந்து, ஒரு கிழவன்ர குசினிக்கைதான் என்ர கதை முடியப் போகுது எண்டு நினைச்சன்.

அந்தாள் முதலிலை சிரிச்சார். பிறகு குனிஞ்சு என்ர முகத்தைப் பாத்தார், சிரிப்பு நிண்டு போச்சு. துவக்கைக் கொண்டுபோய் அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு வந்து, நோகிற முழங்காலோடை நிலத்திலை என்ர பக்கத்திலை குந்தினார். "உள்ளுக்கு ஒண்டும் இல்லை, பாக்கியா. வெறும் துவக்கு. இந்த வீட்டிலை ஒரு ரவையும் இல்லை," எண்டார். பாக்கியலட்சுமி எண்டு முழுசாச் சொல்ல அந்தாளுக்கு நாக்கு வளையாது.

அடுத்த நாளிலை இருந்து சத்தத்துக்கு முந்தி ஒரு கூப்பிடு வரும்.

"பாக்கியா! செய்யப் போறன்!"

நான் குசினிக்கை நிண்டு, "ஓம், செய்யுங்கோ!" எண்டு கத்துவன். அதுக்குப் பிறகுதான் சடக், சடக்.

இந்தத் தொடரின்ர போன கிழமைப் பகுதியை வாசிச்ச ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "இத்தாலியிலை பலெர்மோ எண்டால் கொலைகாரரின்ர ஊர் எல்லோ, உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ அக்கா?" எண்டு. பிள்ளை, அந்த ஊர்க்காரர் தங்களுக்கை அடிபட்டவை. எங்களை ஆர் கணக்கெடுத்தது? தும்புத்தடியோடை பஸ்சுக்கு நிக்கிற கறுத்த மனிசியை ஆர் சுடப் போறான்? என்ர பயம் வேறை. அதைத்தான் இந்தக் கிழமை சொல்லப் போறன்.

குதிரைப்படக்காரன்

சிஞ்ஞோர் நீனோ கபோ சந்தைக்குப் பின்னாலை ஒரு படமாளிகை வைச்சிருந்தவர். நான் வேலைக்குப் போன காலத்திலை அது கார் நிப்பாட்டிற இடமாப் போச்சு. மனிசி செத்துப் போனா. ஒரே மகள் சிஞ்ஞோரா ஜூலியா, கலியாணம் முடிச்சு ஊரின்ர மற்றப் பக்கத்திலை. தகப்பனைப் பாக்க, சமைக்க, இரவிலை கூட இருக்க எண்டு என்னை வைச்சிருந்தவை.

அவரின்ர படமாளிகையிலை ஓடினது முழுக்கக் குதிரைப்படம். தொப்பி போட்டவன் புழுதிக்கை வந்து இறங்குவான், துவக்கின்ர அடியிலை கிடக்கிற இரும்பு வளையத்துக்கை விரலை விட்டு முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுப்பான். சடக், சடக். அந்தச் சத்தத்துக்கே சனம் கதிரையிலை நிமிந்து இருக்குமாம். அமெரிக்கன் நூறு வருசத்துக்கு முந்திச் செய்த அந்தத் துவக்கை, வடக்கு இத்தாலியிலை இப்பவும் அச்சொட்டாச் செய்து விக்கிறாங்கள். படமாளிகையை மூடின கையோடை இந்தாள் அதிலை ஒண்டை வாங்கி, குவெஸ்தூராவிலை பதிஞ்சு, முறையா அலுமாரியிலை வைச்சுப் பூட்டினார். குவெஸ்தூரா எண்டால் பொலிஸ் தலைமைக் கந்தோர். துவக்குக்கும் அங்கைதான் பதிவு, எங்களைப் போல ஆக்களுக்கும் அங்கைதான் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரின்ர கூட்டாளியள் வருவினம். ஒருத்தர் சவரக்கடைக்காரர், மற்றவர் கபோவிலை ஒலிவ்காய் விக்கிறவர். ரெண்டும் வயசு போன கட்டையள். வந்து கோப்பி குடிச்சுப்போட்டு, துவக்கைக் கையிலை வாங்கி, ஆளுக்கொருக்கா வளையத்தைத் தள்ளி இழுத்துப் பாப்பினம். சடக், சடக். எல்லாரின்ர முகத்திலையும் ஒரு வெளிச்சம். விசர்க் கூட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு நான் கோப்பை கழுவுவன்.

ஒரு நாள் பொறுக்க ஏலாமல் கேட்டுப்போட்டன். "சிஞ்ஞோரே, எங்கடை நாட்டிலை விரலை வைச்சால் முழுக்கக் கொட்டித் தீக்கிற துவக்கு கிடக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையளே காவிக்கொண்டு திரியுதுகள். உந்தப் பழசிலை அப்பிடி என்ன கிடக்கு?"

அந்தாள் கோவிக்கேல்லை. துவக்கைத் துணியாலை துடைச்சுக்கொண்டு சொன்னார். "இது காத்து நிக்கும், பாக்கியா. ஒருக்காச் சுட்டால் அதோடை நிண்டிடும். அடுத்ததுக்கு நீ உன்ர கையாலை தள்ளி இழுக்க வேணும். அந்த இடைவெளிக்கை மனிசனுக்குப் புத்தி வரலாம்."

"உங்கடை படத்திலை ஆருக்காவது வந்ததோ?"

இருமல் வருமட்டும் சிரிச்சார். "படத்திலை வந்தால் ரிக்கற் விக்காது."

பிறகு என்னட்டை நீட்டினார். நான் மாட்டன் எண்டன். சும்மா பிடிச்சுப் பார் எண்டார். பொய் சொல்லப் பிடாது, நல்லாத்தான் இருந்தது. கறுப்பு மரக்கட்டை கைக்குக் குளிர்ச்சியா இருந்தது, பக்கத்துப் பித்தளையிலை என்ர மூஞ்சை மஞ்சளாத் தெரிஞ்சுது. வளையத்தைத் தள்ள உள்ளுக்கு ஒண்டு வழுக்கித் திறந்தது, இழுக்க மூடிச்சுது. எண்ணெய் விட்ட தையல் மெசின் சில்லைச் சுத்திற மாதிரி, கை இன்னொருக்காக் கேட்டுது. எனக்கு என்னிலையே கோவம் வந்தது. துவக்காலை ஊரை விட்டு ஓடி வந்தவள் துவக்கைத் தடவிக்கொண்டு நிக்கிறன்.

பின்னறை

என்ர மகள் வதனி அப்ப வன்னியிலை.

இவர், என்ர மனிசன், முதலிலை பலெர்மோ வந்தார், பிறகு நான் வந்தனான். பிள்ளையின்ர படிப்புக் குழம்பக் கூடாது எண்டு அவளை இவரின்ர தமக்கையோடை, என்ர மச்சாளோடை, யாழ்ப்பாணத்திலை விட்டனாங்கள். ஒரு வருசத்திலை கூப்பிடலாம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. ஒரு வருசம் எத்தினை வருசமாப் போச்சு. யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடை இடம்பெயர்ந்தபோது, மச்சாளும் வதனியும் சனத்தோடை சனமா நடந்து வன்னிக்குப் போட்டினம்.

அங்கை ரெலிபோன் இல்லை. மச்சாள் இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தால்தான் கதைக்கலாம். வியா மக்வேதாவிலை ஒரு ரெலிபோன் கடையிலை நான் மச்சாளோடை கதைப்பன். வதனியைக் கூட்டி வர ஏலாது, அவளின்ர வயசுப் பிள்ளையளுக்குப் பாஸ் லேசிலை கிடையாது. இத்தாலிக்குக் கூப்பிட்ட கடுதாசி இருந்தால் விடுவினம் எண்டு மச்சாள் சொன்னா. "கெதியாப் பார் பாக்கியம். இஞ்சை இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு வந்து கேக்கிறாங்கள். பிள்ளையும் ஒரு மாதிரித்தான் இருக்கிறாள், ஒண்டும் கதைக்கிறாள் இல்லை."

இத்தாலியிலை சட்டம், பதினெட்டு முடியாத பிள்ளையைத்தான் தாய் தகப்பன் கூப்பிடலாம். வதனிக்குத் தையிலை பதினெட்டு. எனக்கு வேலை ஒப்பந்தமும் இருக்க வேணும், பிள்ளை படுக்க ஒரு அறையும் இருக்க வேணும். இவர் சீசா எண்ட பகுதியிலை வேறை நாலு ஆம்பிளையளோடை ஒரு அறைக்கை கிடந்தார். அங்கை குமர்ப்பிள்ளையை எப்பிடிக் கொண்டு போறது?

சிஞ்ஞோர் நீனோவிட்டைக் கேக்க எனக்கு நாக்கு எழும்பேல்லை. ரெண்டு நாளாச் சாப்பிடாமல் திரிஞ்சதைக் கண்டு அந்தாளாத்தான் கேட்டார். சொன்னன். உடனை எழும்பிப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். பழைய படச் சுருள், கிழிஞ்ச கதிரை, தூசி. "இது அவளுக்கு," எண்டார்.

முழங்கால் நோவோடை அந்தாள் தானே சுவருக்கு வெள்ளை அடிச்சார். துவக்கு அலுமாரியும் அந்த அறைக்கைதான் நிண்டது, அதை விறாந்தைக்கு நகத்துவிச்சார். "சின்னப் பிள்ளை பயப்பிடும். அவள் வந்தாலும் நான் முதலிலை கூப்பிட்டுச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்," எண்டு எனக்கு உறுதி தந்தார். குவெஸ்தூராவுக்கு என்னோடை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அங்கை எல்லாம் சரி எண்டவங்கள். ஐப்பசியிலை ஒரு நாள் வீட்டுக்காரர் நேரை வந்து வேலைக்கும் அறைக்கும் ஒரு கையெழுத்துப் போட்டால் பிள்ளையைக் கூப்பிடலாம் எண்டாங்கள்.

அண்டைக்குப் பின்னேரம் நான் மலைக்குகைக் கோயிலிலை இருக்கிற சந்தா ரொசாலியா அம்மாவிட்டை ஏறினனான். எங்கடை சனம் ஞாயிற்றுக்கிழமையிலை அங்கை போறது வழக்கம். அம்மாள் எண்டால் அம்மாள்தானே, வெள்ளைக்காரியா இருந்தால் என்ன. குகைக்கை தண்ணி சொட்டுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, என்ர பிள்ளையைக் கொண்டு வந்து சேர் தாயே எண்டு அழுதன்.

சந்தனப் பொட்டு

புரட்டாசியிலை நவராத்திரி வந்தது. இவரின்ர அறையிலை பூசைக்கு இடமில்லை. சிஞ்ஞோர் நீனோவிட்டைக் கேட்டம், தாராளமாச் செய் எண்டார்.

கடைசி நாள் ஆயுத பூசை. வேலைக்கு உதவுற சாமானை எல்லாம் கழுவித் துடைச்சு, சரசுவதிக்கு முன்னாலை வைச்சுப் பொட்டு வைச்சுக் கும்பிடுறது. எங்கடை சாமான் என்ன? அயன் பெட்டி, கத்திரிக்கோல், நிலம் துடைக்கிற தடி, தூசி உறிஞ்சிற மெசின், இவர் ரெஸ்ரோரன்ரிலை மரக்கறி வெட்டிற கத்தி. முன்னறை மேசையிலை வெள்ளைத்துணி விரிச்சு, வரிசையா வைச்சு, சந்தனம் குங்குமம் வைச்சம். ரெண்டு தேசிக்காயைப் பாதியா வெட்டிக் குங்குமம் தடவி மேசையின்ர ரெண்டு பக்கத்திலையும் வைச்சார் இவர்.

சிஞ்ஞோர் நீனோ கதிரையிலை இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்தார். தூசி மெசினுக்குப் பொட்டு வைக்கக் கைதட்டிச் சிரிச்சார். பிறகு எழும்பிப் போனார். திரும்பி வரேக்கை கையிலை துவக்கு.

இவர் எழும்பி நிண்டிட்டார். "இஞ்சை பாரும், உது வேண்டாமெண்டு சொல்லும்," எண்டார் எனக்கு. நான் சொன்னன். "சிஞ்ஞோரே, இது வேலைச் சாமானுக்கு."

"இதுவும் என்ர வேலைதான். முப்பது வருசம் இந்தச் சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது," எண்டார். கண் கலங்கினது. "உங்கடை அம்மாவுக்கு என்ர சாமான் பிடிக்காதோ?"

என்ன சொல்லுறது? என்ர பிள்ளைக்கு அறை தந்த மனிசன். அவர் தானே துவக்கை மேசையிலை, கத்திரிக்கோலுக்குப் பக்கத்திலை கிடத்தினார். நான் பித்தளையிலை ஒரு சந்தனப் பொட்டு, அதுக்கு நடுவிலை குங்குமம் வைச்சு, ஒரு செவ்வந்திப் பூவும் வைச்சன். வடிவாத்தான் இருந்தது.

பூசை முடிஞ்சு பிரசாதம் குடுக்கேக்கை இவர் முறையைச் சொன்னார். வைச்ச சாமானை விடிஞ்சு விசயதசமிப் பூசை முடியுமட்டும் ஆரும் தொடக் கூடாது. எடுத்தால் குற்றம். சிஞ்ஞோர் நீனோ அதைக் கேட்டு, எங்களிலும் பாக்கப் பயபக்தியாத் தலையாட்டினார். துவக்கை எடுத்துப் பூட்டுவம் எண்டு நான் ஒருக்காச் சொல்ல, "தொடாதை! சாமிக் குற்றம்!" எண்டு என்னையே பேசினார்.

தேசிக்காய்

விடிய இவர் வந்து பூசை செய்து எடுக்கிறதாத்தான் ஏற்பாடு. அதுக்கு முந்திச் சிஞ்ஞோரா ஜூலியா வந்திட்டா. வழக்கத்திலை ஒரு சொல் சொல்லாமல் வர மாட்டா. அண்டைக்குத் தகப்பனுக்குக் கன்னோலிப் பலகாரம் வாங்கிக்கொண்டு தன்ர திறப்பாலை திறந்து உள்ளுக்கு வந்தா.

நான் குசினிக்கை. ஒரு குளறல் கேட்டு ஓடிப் போனன். கன்னோலிப் பெட்டி நிலத்திலை. அவ முதலிலை துவக்கைப் பாக்கேல்லை. துவக்கை மட்டும் கண்டிருந்தால் வெறும் கோவத்தோடை போயிருக்கும். அவ பாத்தது தேசிக்காயை. ரத்தம் மாதிரிச் சிவப்புத் தடவின தேசிக்காய்ப் பாதியள்.

அந்த ஊரிலை செய்வினை செய்யிறதே தேசிக்காயிலைதான் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? ஆணி குத்தி, நூல் சுத்தி, ஆராவது அழிஞ்சு போக வேணும் எண்டு வாசலிலை வைப்பினமாம். எங்களுக்குக் கண்ணூறு கழிக்கிற சாமான், அவைக்கு ஆளை முடிக்கிற சாமான். பக்கத்திலை தகப்பன்ர துவக்கு, அதிலும் சிவப்புப் பொட்டு, அங்கை செத்த வீட்டுக்கு வைக்கிற செவ்வந்திப் பூ. அந்த மனிசி என்னெண்டு நினைக்கும்?

"பப்பா!" எண்டு கத்திக்கொண்டு துவக்கை எடுக்கப் போனா. சிஞ்ஞோர் நீனோ படுக்கை உடுப்போடை ஓடி வந்து மறிச்சார். "தொடாதை ஜூலியா! பூசை முடியேல்லை! தொட்டால் குற்றம்!"

அதோடை எல்லாம் முடிஞ்சுது. அவ தகப்பன்ர முகத்தையும் என்ர முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. என்ர அப்பாவுக்கு என்னத்தைக் குடுத்து வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டா. நான் வாயைத் திறந்தன், அந்த நேரம் பாத்து ஒரு இத்தாலிச் சொல்லும் வரேல்லை. ஐயோ, ஐயோ எண்டுதான் வந்தது.

அவ ரெலிபோன் எடுத்துச் சொல்லப் பொலிஸ் வந்தது. துவக்கு பூட்டாமல் வெளியிலை கிடந்தது பிழை, அதை எடுத்துக்கொண்டு போறம் எண்டாங்கள். அதிலை ஒரு இளம் பெடியன், உள்ளுக்கு ரவை கிடக்கோ எண்டு பாக்க வளையத்தைத் தள்ளி இழுத்தான். சடக், சடக். ஒண்டும் இல்லை எண்டு கண்டும் இன்னொருக்காத் தள்ளி இழுத்தான், அவனை அறியாமல் சிரிப்பு வந்தது. சிஞ்ஞோர் நீனோ அழுதழுது அவனைப் பாத்துத் தலையாட்டினார். சந்தனப் பொட்டோடை துவக்கு போச்சு.

அந்தக் கிழமையே சிஞ்ஞோரா தகப்பனைத் தன்ர வீட்டுக்குக் கொண்டு போனா. மக்வேதா வீடு பூட்டுப்பட்டுது. நான் என்ர பையோடை படியிலை நிண்டன். வெள்ளை அடிச்ச பின்னறையின்ர மணம் என்ர உடுப்பிலை இருந்தது.

ஐப்பசியிலை சொன்ன நாளுக்கு நான் குவெஸ்தூராவுக்குப் போனன். அந்தாள் வருவார் எண்டு ஒரு நம்பிக்கை. சொன்னால் சொன்னபடி நிக்கிற மனிசன். விறாந்தையிலை கழுத்துப்பட்டி கட்டின கிழவர் ஆர் வந்தாலும் எழும்பினன். நேரம் முடியக் கந்தோர் யன்னலை மூடினாங்கள். மகள் விடேல்லை எண்டு பிறகு சவரக்கடைக்காரர் சொன்னார்.

எத்தினை வீட்டுப் படி ஏறினன். எல்லாரும் வேலைக்கு வா எண்டவை, ஒப்பந்தம் மட்டும் கேட்டால் கதவு மூடினவை. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. தை பிறந்தது. என்ர பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்ச நாளிலை நான் சீசாவிலை ஒருத்தியின்ர கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தன்.

ஆரிலை பிழை? இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. கும்பிட்டது பிழையோ? அந்த மனிசி பயந்தது பிழையோ? பிழை எண்டு ஒண்டைக் கையிலை பிடிச்சால் அதைத் திட்டியாவது ஆறலாம். அதுகும் எனக்குக் கிடைக்கேல்லை.

ஓம், செய்யுங்கோ

மாசியிலை மச்சாள் வவுனியாவிலை இருந்து கதைச்சா. 

"பாக்கியம், அவள் போட்டாள்."

"எங்கை?"

"வேறை எங்கை. தானாத்தான் போனாள். அம்மா இனிக் கூப்பிட மாட்டா எண்டு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. போன கிழமை சந்தியிலை கண்டனான். தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டு, தோளிலை துவக்கோடை நிக்கிறாள். என்னைப் பாத்துச் சிரிச்சவள்."

நான் என்ன கேட்டன் எண்டு நினைக்கிறியள்? பிள்ளை மெலிஞ்சிட்டாளோ எண்டு கேக்கேல்லை. "என்ன துவக்கு, மச்சாள்?" எண்டு கேட்டன்.

"உனக்கென்ன விசரே? எனக்கென்ன தெரியும். எல்லாப் பிள்ளையளும் வைச்சிருக்கிறதுதான்."

எனக்குத் தெரியும். விரலை வைச்சால் நிக்காதது. ரெலிபோன் கடைக்காரன் கண்ணாடியிலை தட்டுமட்டும் நான் ரிசீவரைக் காதிலை வைச்சபடி நிண்டன். வதனி பிறகு ஒருநாளும் திரும்பி வரேல்லை. எங்கை, எப்ப எண்டு சொல்லவும் ஆருமில்லை.

பங்குனியிலை சிஞ்ஞோர் நீனோவுக்குச் சுகமில்லை, ஆள் நினைவு தடுமாறுது எண்டு கேள்விப்பட்டுப் போனன். சிஞ்ஞோரா ஜூலியா கதவைத் திறந்தா. என்னைக் கண்டு விலகி வழி விட்டா. அவவும் நல்லா மெலிஞ்சு போனா.

பல்கனிக் கதிரையிலை கம்பளி போத்து இருந்தார். வலக்கை மட்டும் கம்பளிக்கு வெளியிலை. விரலை மடக்கி, காத்திலை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். தள்ளுறார், இழுக்கிறார். சத்தமில்லை.

என்னைக் கண்டவுடனை முகம் மலந்தது. "பாக்கியா! உன்ர மகள் வந்திட்டாளோ?"

சிஞ்ஞோரா எனக்குப் பின்னாலை நிண்டா. எல்லாம் அவவுக்குத் தெரியும், சவரக்கடைக்காரர் சொல்லியிருப்பார். அவவின்ர முகத்தை நான் திரும்பிப் பாக்கேல்லை.

"ஓம், சிஞ்ஞோரே. வந்திட்டாள்."

"பின்னறையிலையோ?"

"ஓம். படுத்திருக்கிறாள்."

அந்தாள் பெரிய நிம்மதியாத் தலையாட்டினார். பிறகு பிள்ளை எழும்பிப் போடுவாள் எண்ட மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "பயப்பிட வேண்டாமெண்டு சொல்லு. நான் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்." மடக்கின விரலைத் தூக்கிக் காட்டினார். "பாக்கியா, செய்யப் போறன்."

"ஓம்," எண்டன். "செய்யுங்கோ."